தகரத்துக்கு இந்தப் பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்குத் தெருவில் தகரம் அடித்தார்கள். சோபா அப்போது கடைக்குள் இருந்தது.

அந்த நேரத்தில் அந்தத் தெருவில் எந்தக் கடையும் திறந்திருக்காது. சோபாக்காரர் வழக்கம்போலச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தபோது தெருவைக் காணோம். நடைபாதையின் விளிம்பில், கடை வரிசை நெடுக, ஆள் உயரத்துக்கு மேல் நீலத் தகரம் நின்றது. அந்தப் பக்கம் இயந்திரம் உறுமியது. குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டப் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது. ‘விரைவில்’ என்று வருடக்கணக்காகச் சொல்லி வந்தார்கள். சொல்லாமல் கொள்ளாமல் அன்றைக்கு அது வந்துவிட்டது.

கடைக்கும் தகரத்துக்கும் நடுவில் மிஞ்சியது ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். பக்கத்து ஜெராக்ஸ் கடை வாசலில் மின்பெட்டி ஒன்று துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்த இடத்தில் ஒரே ஆள் வந்தாலும் ஒருக்களிக்க வேண்டும்.

அவர் ஷட்டரைத் தூக்கினார். சோபாவைப் பார்த்தார். திரும்பித் தகரத்தைப் பார்த்தார். மறுபடியும் சோபாவைப் பார்த்தார்.

அதற்குள் அவருடைய சகலை வந்து சேர்ந்தார். இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மூத்தவளைக் கட்டிய சோபாக்காரருக்கு மரவேலை. இளையவளைக் கட்டியவருக்கு ஸ்பாஞ்சும் தையலும். ஒருவரை ஒருவர் சகலை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சாதாரண நாளில் ‘வா, போ’. சண்டை வந்தால் ‘வாங்க, போங்க’. கடைக்குள்ளிருந்து மரியாதை கேட்டால் அன்றைக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தெரியும்.

“அளந்து பாக்கணுமா சகலை?” என்றார் இளையவர்.

“வேண்டாம்.”

“எதுக்கும் ஒரு தடவ டேப்ப வெச்சு...”

“கண்ணு தெரியுதுல்ல? வேண்டாம்.”

சோபா ஒரு பல் டாக்டருக்கு. புதிதாகத் திறக்கப் போகும் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், ஒரு சுவர் முழுக்க ஒரே சோபா வேண்டும் என்று கேட்டிருந்தார். அத்தனை நீளத்தை யாரும் ஒரே துண்டாகச் செய்வதில்லை. இரண்டாகச் செய்து கொண்டுபோய், போகும் இடத்தில் சேர்த்து வைத்து, நடுவில் போல்ட் முடுக்குவதுதான் தொழில் வழக்கம். இளையவர் அப்படித்தான் சொன்னார். சோபாக்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தச் சமயம் பார்த்து அவருக்கு நீளமான மரம் ஒன்று கிடைத்திருந்தது. முடிச்சு கிடையாது, கோணல் கிடையாது, இழை ஓடியது ஓடியபடி இருந்தது. அதை நடுவில் அறுக்க அவருக்குக் கை வரவில்லை. முன் சட்டமும் பின் சட்டமும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே ஓட்டமாக ஓடின.

“ரெக்சினுக்குள்ள இருக்கப்போற கட்டைய யாரு எட்டிப் பாக்கப் போறா?” என்று அப்போதே இளையவர் கேட்டிருந்தார்.

“மூட்டு வெச்சா கொஞ்ச நாள்ல கிரீச்சுனு சத்தம் வரும். பல்லு வலியோட உக்காந்திருக்கவனுக்கு அது வேறயா?”

அந்தப் பதிலில் அவருக்கே ஒரு பெருமை இருந்தது. இப்போது அந்தப் பெருமை ஷட்டருக்கு உள்ளே, தகரத்தைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தது. நேராக வெளியே தள்ளினால் தகரத்தில் முட்டும். சந்துக்குள் திருப்ப இடம் இல்லை. நிமிர்த்தி நிறுத்தினால் உள்ளே பரண் இடிக்கும். பரணைக் கழற்றினாலும் வெளியே சன்ஷேடு இருக்கிறது. பின்பக்கம் வேறொரு கட்டடத்தின் சுவர்.

மருத்துவமனைத் திறப்பு அடுத்த வாரம் வியாழக்கிழமை. அதே கட்டடத்தில் கண் டாக்டரும், குழந்தை டாக்டரும், எலும்பு டாக்டரும் அறை எடுத்திருந்தார்கள். பல் டாக்டரின் சோபாவைப் பார்த்துவிட்டுத் தங்களுக்கும் சொல்வதாக இருந்தார்கள். தகரம் வந்த பிறகு தெருவழியே வந்து விசாரிக்கிற ஆள் என்று ஒருவரும் கிடையாது. பெரிய ஷோரூம் ஒன்றில் இளையவரை வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை மாமியார் வீட்டில் எல்லோரும் பேசினார்கள், அவர் மட்டும் பேசவில்லை. கடை நீடிக்குமா என்பது அந்த ஒரு சோபா வெளியே போவதில் இருந்தது.

ஷட்டருக்கு நேர் எதிரே இருந்த தகட்டை மட்டும் கழற்றினால் போதும். பள்ளத்தின் மேல் பலகை போட்டுச் சோபாவை நேராகத் தெருவுக்குக் கொண்டுபோய்விடலாம்.

தகரத்தில் ஆணி விட்ட ஓட்டை ஒன்று இருந்தது. சோபாக்காரர் அதில் வாயை வைத்துக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் மேஸ்திரி வந்தார். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. பிறகு கண் போய் வாய் வந்தது.

“என்ன வேணும்?”

“இந்த ஒரு தகட மட்டும் கழட்டி மாட்டணும் மேஸ்திரி. ஒரு சாமான வெளிய எடுக்கணும்.”

“டீ குடிக்கிற நேரத்து வேல. ஆனா வெல்டிங் வெச்சாச்சு. போன தெருவுல ரெண்டு தகட எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப மேல இருந்து சொன்னாத்தான் தொடுவேன்.”

“மேலன்னா யாரு?”

“இன்ஜினியரு.”

“அவரு எங்க இருப்பாரு?”

“அவரு எல்லா எடத்துலயும் இருப்பாரு. இங்க மட்டும் இருக்க மாட்டாரு.” வாய் சிரித்தது. ஓட்டை காலியானது.

இன்ஜினியரின் அலுவலகத்தில் இன்ஜினியர் இல்லை. இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “கடைக்காரங்க பிரச்னையெல்லாம் நாங்க நேரா எடுக்கறதில்ல. உங்களுக்குன்னே உதவி மையம் தொறந்து வெச்சிருக்கில்ல? அங்க சொல்லுங்க. அவங்க எங்ககிட்ட சொல்லுவாங்க.”

சிறு வணிகர் உதவி மையம் தெருமுனையில் வங்கிக்கு மேல் மாடியில் இருந்தது. சோபாக்காரர் அதுவரை அந்தப் படியை மிதித்ததில்லை. உள்ளே குளிர்சாதனம் ஓடியது. பச்சைச் செடி ஒன்று தொட்டியில் இருந்தது. தொட்டுப் பார்த்தார், பிளாஸ்டிக். சுவரில் ‘நீங்கள் வளர்ந்தால் நகரம் வளரும்’ என்று எழுதியிருந்தார்கள். அவரை உட்கார வைத்த நாற்காலி ஆடியது. குனிந்து பார்த்தார். ஒரு திருகு கழன்றிருந்தது.

ஆலோசகர் ஒரு இளம்பெண். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் நிஜமான அக்கறை. அக்கறையைக் கண்டதும் அவருக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அலட்சியமான ஆளிடம் சண்டை போடலாம்.

“சொல்லுங்க சார். உங்களுக்கு என்ன மாதிரி உதவி வேணும்?”

“ஒரு தகடு கழட்டணும்மா.”

அவள் அதை எழுதிக்கொள்ளப் போய், பேனாவை நிறுத்தினாள். “அதாவது, வாடிக்கையாளர் உள்ள வர்றதுல சிரமம்னு எடுத்துக்கலாமா?”

“இல்லம்மா. சோபா வெளிய போறதுல சிரமம்.”

“ஓ.” அவள் கணினியில் எதையோ தேடினாள். “வெளிய போறதுன்னு எங்ககிட்ட தலைப்பு இல்ல சார். உள்ள வர்றதுக்குத்தான் நெறைய இருக்கு. பெயர்ப்பலகை இலவசமா வரைஞ்சு தருவோம். கடைக்கு போன்ல ஒரு பக்கம் தொறந்து தருவோம். வியாழக்கிழமையில கணக்கு வகுப்பு இருக்கு. அப்புறம் ஒரு வழிகாட்டி. பெரிய பிஸ்கட் கம்பெனி நடத்தினவர், இப்ப ஓய்வுல இருக்கார். உங்களோட போன்ல பேசுவார்.”

“அவரு தகடு கழட்டச் சொல்லுவாரா?”

“அவர் யோசனை சொல்லுவார் சார்.”

பிஸ்கட்காரர் அன்று மாலையே பேசினார். கனிவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க ஏன் சின்ன சோபாவா செய்யக் கூடாது?” என்றார்.

சோபாக்காரர் போனைச் சகலையிடம் நீட்டினார். “நீ பேசு. நான் பேசினா கேஸ் ஆயிடும்.”

மையத்தின் உதவி வேகமாகத்தான் வந்தது. மறுநாளே இரண்டு பேர் ஏணியோடு வந்து, தகரத்தின் அந்தப் பக்கம் ஒரு பதாகையைக் கட்டினார்கள். ‘கடைகள் திறந்திருக்கின்றன. உள்ளே வாருங்கள்.’ பக்கத்தில் பெரிய அம்புக்குறி. அதைப் பார்த்துவிட்டு வந்த ஜெராக்ஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அம்பு நேரா தகரத்துல போயி முட்டுது அண்ணே. வர்றவன் தலையால இடிச்சு வரணும் போல.”

“நீ சிரி. உன் கடை சாமான் காகிதம். சந்துல கையில மடிச்சு எடுத்துட்டுப் போயிடலாம்.”

“உங்க சோபாவ ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கட்டுமா? அத எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கடைக் குடைக்கார அம்மா எட்டிப் பார்த்து, “அவரே நொந்து போயிருக்காரு, நீ வேற ஏன்டா” என்று ஜெராக்ஸ்காரரை அதட்டினாள்.

மறுபடி அலுவலகம். ‘மையத்திலிருந்து இன்னும் வரவில்லை.’ மறுபடி மையம். ‘அனுப்பிவிட்டோம் சார்.’ மறுபடி அலுவலகம். ‘வந்திருக்கு. ஆனா வாடிக்கையாளர் உள்ள வர சிரமம்னு வந்திருக்கு. அதுக்குத்தான் பதாகை கட்டியாச்சே.’ நடையாய் நடந்து அவர் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். சனிக்கிழமை வந்தபோது, சாந்தமாகப் பேசுவது எப்படி என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது. வீட்டில் சோறு போட்ட மனைவியிடம் “அனுப்பிட்டீங்களா, இல்லையா?” என்று கேட்டார்.

“எதை?” என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறந்திருந்தது. வேலை இருந்ததால் அல்ல. வீட்டில் உட்கார முடியவில்லை. இளையவரும் வந்திருந்தார். சோபாவின் ஒரு முனையில் இவர், மறு முனையில் அவர். நடுவில் ஒரு குடும்பமே உட்காரலாம்.

“அறுத்துடலாம் சகலை,” என்றார் இளையவர், தகரத்தைப் பார்த்தபடி.

இவர் தரையில் கிடந்த மரச்சீவல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினார்.

“அடித்துணியப் பிரிச்சு, நடுவுல ரம்பம் போட்டு, ரெண்டா, மின்பெட்டிக்கு மேல தூக்கிச் சந்து வழியா எடுத்துட்டுப் போவோம். அங்க போயி இரும்புப் பட்டை வெச்சு முடுக்கிடலாம். நான் மறுபடி தெச்சுடறேன். மத்தியானம் ஆரம்பிச்சா ராத்திரிக்குள்ள முடிஞ்சிரும்.”

“அறுங்க,” என்றார் சோபாக்காரர். “தாராளமா அறுங்க. முதல்ல என் கைய அறுங்க.”

மரியாதை வந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் ரேடியோ சத்தம் குறைந்தது.

“நான் ஸ்பாஞ்சு ஆளுங்க. கையெல்லாம் அறுக்கத் தெரியாதுங்க.”

“ரெண்டு துண்டா செய்யலாம்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்க. அதச் சொல்லிக் காட்டத்தான இன்னைக்கு வந்து உக்காந்திருக்கீங்க?”

“நான் சொல்லிக் காட்டலங்க. ஒருத்தரு வீம்புக்குக் கடை போகக் கூடாதுன்னு சொல்றேங்க.”

“கடை போனா உங்களுக்கு என்னங்க? ஷோரூம்ல ஏசியில உக்காரலாமே.”

இளையவர் எழுந்தார். செருப்பைத் தேடினார். ஒரு செருப்பு சோபாவுக்கு அடியில் போயிருந்தது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே சற்று நேரம் குனிந்தபடி இருந்தார்.

“சட்டம் நல்லாத்தான் இருக்கு,” என்றார் அடியிலிருந்து. “கண்ணாடி மாதிரி இழைச்சிருக்க.”

அதன் பிறகு இருவரும் தேநீர் குடிக்கப் போனார்கள்.

திங்கட்கிழமை ஆலோசகரே நேரில் வந்தாள். மின்பெட்டியைத் தாண்டும்போது அவளுடைய தோள் உரசி, வெள்ளைச் சட்டையில் கரி ஒட்டியது. கடைக்குள் வந்து, சோபாவை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தாள். வாசலில் நின்று தகரத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“மன்னிச்சுக்குங்க சார். நீங்க சொன்னப்ப எனக்குப் புரியல. பெரிசா இருக்குன்னு சொன்னீங்க. நான் ஏதோ ஒரு அளவுக்குப் பெரிசுன்னு நெனச்சேன்.”

“இப்பப் புரியுதுல்ல. சொல்லும்மா.”

“எனக்குப் புரிஞ்சு ஒண்ணும் ஆகாது சார். அவருக்குப் புரியணும்.” அவள் யோசித்தாள். “மாசா மாசம் வணிகர் சந்திப்பு நடத்துவோம். இந்தத் தடவ உங்க கடையிலேயே வெச்சா என்ன? இன்ஜினியரச் சிறப்பு விருந்தினரா கூப்பிடறேன். கூட்டம்னா வருவார். வந்தா இந்தச் சந்து வழியாத்தான் வந்தாகணும். இந்தத் தகரத்தப் பாத்துத்தான் ஆகணும். அப்ப நீங்க கேளுங்க. நானும் கேக்கறேன்.”

“எப்ப?”

“புதன்கிழமை மத்தியானம்.”

புதன்கிழமைக்கு அடுத்த நாள் மருத்துவமனை திறப்பு. சோபாக்காரர் சகலையைப் பார்த்தார். சகலை உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அவள் போன பிறகு, “பொண்ணுக்குச் சூது தெரியல. நல்ல பொண்ணு. பாப்போம்,” என்றார்.

செவ்வாயன்று பல் டாக்டர் போன் செய்தார். கத்தவில்லை. பல் பிடுங்குவதற்கு முன்னால் பேசுகிற குரலில் பேசினார். “புதன் ராத்திரிக்குள்ள அறையில சோபா இல்லன்னா, நான் ரெடிமேட் நாற்காலி எறக்கிடுவேன். எனக்கும் வேற வழி இல்ல. தப்பா நெனச்சுக்காதீங்க.”

தப்பாக நினைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. அதுவே எரிச்சலாக இருந்தது. இந்த ஒரு வாரத்தில் அவர் சந்தித்த எல்லோரும் நல்லவர்கள்.

புதன்கிழமை மத்தியானம் கூட்டம் தொடங்கியது. இளையவர் ஒரு வண்டியைப் பேசி, பெரிய சாலையில் நிறுத்தி வைத்திருந்தார். தகட்டைக் கழற்ற உத்தரவு கிடைத்தால் ஓட்டை வழியாக மேஸ்திரியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஸ்திரி வெல்டிங் வெட்டுகிற கருவியைக்கூட எடுத்துத் தயாராக வைத்திருந்தார். ‘அவரு வாயத் தொறக்கட்டும், நான் தகரத்தத் தொறக்கறேன்’ என்றார்.

கடைக்குள் வேறு நாற்காலி இல்லை. எல்லாரும் சோபாவில்தான் உட்கார வேண்டும். அதன் மேல் போட்ட பிளாஸ்டிக் உறையை எடுக்க வேண்டாம் என்று இளையவர் கறாராகச் சொல்லிவிட்டார். பிஸ்கட்காரர் வந்தார். மையத்துக்குக் கீழே இருந்த வங்கியின் மேலாளர் வந்தார். குடைக்கார அம்மா, ஜெராக்ஸ்காரர், கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர். கடைசியாக இன்ஜினியர்.

அவர் மின்பெட்டியைத் தாண்டி வந்ததை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கனத்த மனிதர். முதலில் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார், முடியவில்லை. வெளியே போய் இடப்பக்கமாகத் திரும்பி வந்தார். வயிற்றை எக்கினார். தகரத்தின் நீலம் சட்டையில் ஒரு கோடாக இழுத்தது. சோபாக்காரருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. பட்டவருக்குத்தானே தெரியும், இனிப் பேச வேண்டியதே இல்லை என்று நினைத்தார்.

இன்ஜினியர் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் படபடவென்று சத்தம் போட்டது. இரண்டு கையாலும் இருபுறமும் அழுத்திப் பார்த்தார்.

“அடேங்கப்பா. என்ன உறுதி! ஆடவே மாட்டேங்குதே. எங்க ஆபீஸ்ல எல்லாம் உக்காந்தா கத்துது.”

“ஒரே சட்டம் சார்,” என்றார் சோபாக்காரர். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அதான் பாத்தேன்.”

பிஸ்கட்காரர் முதலில் பேசினார். தொழிலில் நெளிவு சுளிவு வேண்டும் என்றார். வங்கி மேலாளர் பேசினார். குடைக்கார அம்மா ஒரு முறை கொட்டாவி விட்டாள். பிறகு இன்ஜினியர் பேசத் தொடங்கினார். குழாயின் விட்டம், ஆழம், அது போட்ட பிறகு இந்தத் தெரு எப்படி ஜொலிக்கும் என்பதெல்லாம் வந்தது. வெளியே வெயில் தகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. இளையவர் வாசலில் நின்று அதையே பார்த்தார்.

ஆலோசகர் இடைமறித்தாள். “சார், இவங்களுக்கு ஒரு அவசரக் கோரிக்கை. எதிர்ல இருக்கிற அந்த ஒரு தகட இன்னைக்கு மட்டும் கழட்டி மாட்டணும். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“ஆமா சார்,” என்றார் சோபாக்காரர். “நீங்க உக்காந்திருக்கிற சோபாதான். நாளைக்குக் காலையில ஒரு ஆஸ்பத்திரி திறப்பு. இது அங்க இருக்கணும். வேற வழியில்ல. நீங்களே வந்து பாத்தீங்களே.”

“பாத்தேன், பாத்தேன்.” இன்ஜினியர் சட்டையில் இருந்த நீலக் கோட்டைத் தடவினார். “ரொம்ப நியாயமான கோரிக்கை. கண்டிப்பா செய்யணும். இப்ப பாருங்க, உங்க ஒருத்தருக்குக் கழட்டினா நாளைக்கு அவருக்குக் கழட்டணும், இவங்களுக்குக் கழட்டணும்...”

“எனக்கு வேணாங்க,” என்றாள் குடைக்கார அம்மா. “குடைய மடிக்கலாம்.”

“எனக்கும் வேணாம்,” என்றார் கைக்கடிகாரக்காரர்.

“அது இல்லம்மா. ஒரு முறை இருக்கில்ல? தெருவில இருக்கிற எல்லாருமா ஒண்ணாச் சேர்ந்து, மையம் வழியா, பொதுவான ஒரு கோரிக்கையா கொண்டு வாங்க. அடுத்த வாரமே ஆய்வுக்கு ஆள் அனுப்பறேன். இத நான் மனசுல வெச்சுக்கறேன்.”

“அடுத்த வாரம் இல்ல சார்,” என்றாள் ஆலோசகர். “இன்னைக்கு.”

“மனசுல வெச்சுக்கறேன்னு சொன்னேன்லம்மா.” அவர் சாய்ந்து உட்கார்ந்தார். சோபா ஒரு சத்தமும் போடவில்லை. “நான் எதுக்கு வந்திருக்கேன்? உங்களுக்கெல்லாம் ஆதரவா இருக்கத்தான வந்திருக்கேன்? இந்த மாதிரி நேரத்துல வியாபாரிங்க மனசு தளரக் கூடாது. எங்க தொழில்லயும் பாருங்க, பாறை வந்தா நாங்க என்ன செய்யறோம்...”

இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்துவிட்டார். பேச்சு பாறைக்குப் போய், பாறையிலிருந்து அவர் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊருக்குப் போயிற்று. வழவழா கொழகொழாவென்று அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பிஸ்கட்காரர் தலையாட்டினார். ஓட்டையில் மேஸ்திரியின் கண் ஒரு முறை வந்து, நிலவரத்தைப் பார்த்து, போய்விட்டது.

சோபாக்காரரின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். பல் டாக்டர். எடுக்கவில்லை. அது அதிர்ந்து ஓயும் வரை கையிலேயே வைத்திருந்தார்.

பிறகு வாசலுக்குப் போனார். இளையவரின் அருகில் நின்றார்.

“வண்டி இருக்குமா?” என்று மெல்லக் கேட்டார்.

“இருக்கும்.”

“இரும்புப் பட்டை?”

“வண்டியில போட்டு வெச்சிருக்கேன்.” இளையவர் அவரைப் பார்க்கவில்லை. “திட்டாத. எதுக்கும் இருக்கட்டும்னு நேத்தே வெட்டிட்டேன்.”

சோபாக்காரர் திட்டவில்லை. மேசையிலிருந்து சாக்கட்டியும் டேப்பும் எடுத்தார். கூட்டத்துக்கு நடுவே நடந்து போய், சோபாவின் இடது முனையில் டேப்பின் நாக்கை மாட்டினார். இழுத்துக்கொண்டே வந்தார். வங்கி மேலாளர் காலைத் தூக்கிக்கொண்டார். பிஸ்கட்காரர் ஏதோ விளக்கம் காட்டப் போகிறார் என்று நினைத்து ஆர்வமாகக் குனிந்தார். டேப் வலது முனைக்குப் போயிற்று. அவர் அளவை உதட்டுக்குள் பாதியாக்கினார். திரும்பி வந்து, நடுவைக் கண்டுபிடித்தார்.

நடு, இன்ஜினியரின் இரண்டு முழங்காலுக்கும் இடையில் இருந்தது.

அவர் தரையில் மண்டியிட்டார். பிளாஸ்டிக்கை ஒதுக்கி, முன் சட்டத்தை மூடியிருந்த ரெக்சினின் கீழ் மடிப்பை விரலால் தடவினார். உள்ளே மரம் நேராக ஓடுவது விரலுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் விரலை அங்கேயே வைத்திருந்தார். பிறகு சாக்கட்டியால் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டார்.

பேச்சு நின்றது.

இளையவர் கேட்காமலேயே பின்னால் வந்து நின்றார். ஒரு கையில் தையல் பிரிக்கிற கத்தி. மறு கையில் பெரிய ரம்பம். ரம்பத்தைக் கைப்பிடிப் பக்கமாகச் சகலையிடம் நீட்டினார்.

முதலில் எழுந்தது ஆலோசகர். சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு குடைக்கார அம்மா எழுந்தாள். ஜெராக்ஸ்காரர் எழுந்தார். இந்தப் பக்கம் கைக்கடிகாரக்காரரும் வங்கி மேலாளரும் எழுந்தார்கள். பிஸ்கட்காரரை யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். பிளாஸ்டிக் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை முனகியது.

இன்ஜினியர் மட்டும் நடுவில் இருந்தார். கோட்டைப் பார்த்தார். ரம்பத்தைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை.

“என்ன இது?” என்றார்.

சோபாக்காரர் ரம்பத்தின் பல்லைக் கோட்டில் பொருத்திக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சார், எந்திரிக்கிறீங்களா, இல்ல எந்தப் பாதியோட வர்றீங்க?”